நஞ்சாகப் பிறந்த துளை

முதலில் அது ஓர் ஆயுதம். சீழ்க்கட்டி உண்டாக்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா, ஆல்ஃபா ஹீமோலைசின் என்ற புரதத்தைக் கக்குகிறது. அதன் ஏழு மூலக்கூறுகள் வட்டமாகக் கூடி ரத்த அணுவின் சவ்வில் ஓட்டை போட்டுவிடும். அணு ஊதி வெடிக்கும். அந்த ஓட்டை மிகவும் குறுகும் இடம் 1.4 நானோமீட்டர். டிஎன்ஏவின் இரட்டை இழை அதில் நுழையாது, ஒற்றை இழை நுழையும். நஞ்சு கருவியானது இந்தப் பொருத்தத்தால்தான்.

1989இல் அமெரிக்க விஞ்ஞானி டேவிட் டீமருக்குக் காரில் போகும்போது ஒரு யோசனை வந்தது. நோட்டில் வரைந்து வைத்தார். சவ்வில் ஒரு துளை, இருபுறமும் உப்புநீர், கொஞ்சம் மின்னழுத்தம். இழை உள்ளே போனால் அயனிகளின் வழி அடைபட்டு மின்னோட்டம் குறையும். டிஎன்ஏவின் வேதி எழுத்துகளில் எழுத்துக்கு எழுத்து அந்தக் குறைவு மாறுமானால், குறைவைப் பார்த்தே எழுத்தைச் சொல்லிவிடலாமே! 1996இல் அவரும் சக ஆய்வாளர்களான காசியானோவிச், பிராண்டன் முதலானோரும் இழை நுழைவதைக் காட்டிவிட்டார்கள். படிக்கத்தான் முடியவில்லை. ஓர் எழுத்து சில மைக்ரோ வினாடிகளில் ஓடிவிடும். துளை வாயிலில் ஒரு நொதியை உட்காரவைத்து, இழையை விட்டுப் பிடித்து அனுப்பும் வித்தை 2012 வாக்கில்தான் கைவந்தது. பதினாறு வருடக் காத்திருப்பு!

அதன்பின் எல்லாம் வேகம். வேதியியலாளர் ஹேகன் பேலி 2005இல் தொடங்கிவைத்த ஆக்ஸ்ஃபோர்டு நானோபோர் நிறுவனம், உள்ளங்கையில் அடங்கும் மின்அயன் கருவியை 2014இல் ஆய்வாளர்களிடம் கொடுத்தது. 2015இல் அது கினியாவில் எபோலா வைரஸைப் படித்தது. 2016இல் விண்வெளி நிலையத்துக்கும் போனது.

எனக்குப் பெரிதாகப் படுவது இந்த ஊர்சுற்றல் அல்ல. பழைய முறைகள் டிஎன்ஏவை நகலெடுத்துப் பெருக்கித்தான் படித்தன. நகலில் எழுத்து வரும். எழுத்தின் மேல் உடல் ஒட்டிவைத்த மெத்தில் குறி வராது. எந்த மரபணு பேசும், எது வாயடைத்துக் கிடக்கும் என்பதில் அந்தக் குறிக்குப் பெரும் பங்கு உண்டு. துளையோ மூலப்பிரதியையே தடவிப் பார்க்கிறது. குறி இருந்தால் மின்னோட்டம் சற்றே வேறுபடும். ஆர்என்ஏவையும் அப்படியே நேரடியாகப் படிக்கலாம் என்பது 2018இல் வெளியானது.

இந்தத் துளையின் கதை நம் பக்கத்துக்கும் வந்திருக்கிறது. திருவனந்தபுரத்துப் பூஜப்புரை என்றால் குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு விஜயதசமியன்று வேளிமலை முருகன் எழுந்தருளும் சரஸ்வதி மண்டபம் நினைவுக்கு வரும். ராஜீவ் காந்தி உயிர்த்தொழில்நுட்ப மையம் இருப்பதும் அங்கேதான். பேலியோடு ஆக்ஸ்ஃபோர்டில் வேலை செய்த ஆய்வாளர் கே. ஆர். மகேந்திரன் இந்த மையத்தில் துளையையே புதிதாகக் கட்டுகிறார். மனிதத் தோலில் வாழும் ஒரு பாக்டீரியாவின் சவ்வுத்துளைப் புரதம், வெறும் 40 அமினோ அமிலம் நீளம். அவர் குழு அதை முன்மாதிரியாக வைத்துக்கொண்டு, இயற்கையின் ‘இடக்கை’ அமினோ அமிலங்களுக்குப் பதில் ‘வலக்கை’ அமிலங்களைக் கோத்துப் பெப்டைடுச் சங்கிலிகள் செய்தது. கண்ணாடியில் தெரியும் பிம்பத்தையே கையில் எடுத்ததுபோல. அந்தப் பெப்டைடுகள் தாமாகக் கூடிச் சவ்வில் ஒரே சீரான துளையாகின்றன. புரதத்தை அறுக்கும் நொதிகளுக்கு இடக்கை வடிவம்தான் பழக்கம். இது அவற்றுக்கு மசிவதில்லை.

2022இல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் இந்த ஆய்வு வெளிவந்தது. அந்தத் துளையில் பிடிபட்டவையாக அதில் சொல்லியிருப்பவை வளையச் சர்க்கரைகள், பாலிபெப்டைடுகள், பாலிமர்கள். டிஎன்ஏ அந்தப் பட்டியலில் இல்லை.