பூண்டியில் தங்கிய தண்ணீர்

பாலவாக்கத்துக் கடற்கரை மணலுக்கு ஒரு குணம் உண்டு. அலை மோதும் இடத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளித் தோண்டினால், உப்பே தெரியாத தண்ணீர் சுரக்கும். மழை நீர் மணலில் இறங்கி, அடியில் இருக்கும் கடல் நீரின் மேலே மிதந்து நிற்பதுதான் அதற்குக் காரணம். அளவோடு இறைத்தால் அமிர்தம். மோட்டாரைப் போட்டு உறிஞ்சினாலோ, நல்ல தண்ணீர் போன வழியிலே கடல் உள்ளே வந்துவிடும். பிறகு காப்பி கூட உப்புக் கரிக்கும். இந்தப் பக்கத்து ஜனங்கள் அந்தக் காப்பியையும் குடித்துப் பார்த்தவர்கள்தாம்.

2019-ஆம் வருஷத்துக் கோடையில் எங்கள் தெருவே லாரியின் வரவு பார்த்துக் கிடந்தது. அப்போது அடுத்த வீட்டுப் பாட்டி என்னைக் கூப்பிட்டு, "ஏண்டாப்பா, எழுதுகிறவன் என்கிறாயே, அந்தக் கவுன்சிலரிடம் போய் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்று கேட்டாள்.

"கவுன்சிலரே கிடையாது, பாட்டி" என்றேன்.

பாட்டி நம்பவில்லை. ஆனால் அது நிஜம். 2011-ல் பாலவாக்கம் ஊராட்சி சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. 2016-ல் மாநகராட்சி மன்றத்தின் காலம் முடிந்தது. மறு தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில்தான். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டு, ஜோலார்ப்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த 2019-ல், நகரத்துக்குக் கேள்வி கேட்க ஒரு மன்றம் இல்லை. இது புதுமையும் அல்ல. 1973 முதல் 1996 வரை இருபத்து மூன்று வருஷம் இதே கதைதான்.

கவுன்சிலர் இருந்து மட்டும் என்ன கிழித்துவிடப் போகிறார் என்று சில நேயர்கள் கேட்கலாம். அவர்களுக்காகத்தான் தீரர் சத்தியமூர்த்தியின் கதையைச் சொல்ல வந்தேன்.

சத்தியமூர்த்தி 1887-ல் திருமயத்தில் பிறந்தவர், வக்கீல், நாடக மேடையில் வேஷம் கட்டியவர். டில்லிச் சட்டசபையில் அவர் எழுந்து கேள்வி கேட்டால் சர்க்கார் அங்கத்தினர்கள் கலங்குவார்கள் என்று பெயர். அப்படிப்பட்டவர் 1939-ல் சென்னை மாநகராட்சியின் மேயரானார். அந்தக் காலத்தில் மேயர் பதவிக்கு ஆயுள் ஒரே வருஷம்.

வருஷமோ பொல்லாத வருஷம். ஐரோப்பாவில் யுத்தம் தொடங்கிவிட்டது. காங்கிரஸ் மந்திரிசபை ராஜிநாமாச் செய்து, மாகாணத்தில் கவர்னர் ஆட்சி நடந்தது. நகரத்திலோ தண்ணீர்ப் பஞ்சம். 1772-ல் கோட்டைக்காக வெட்டிய ஏழு கிணறு, 1872-ல் செங்குன்றத்திலிருந்து வந்த வாய்க்கால், 1914-ல் கீழ்ப்பாக்கத்தில் கட்டிய வடிகட்டும் நிலையம் என்று படிப்படியாக ஏற்பாடுகள் வளர்ந்திருந்தன. ஜனத்தொகை அவற்றைவிட வேகமாக வளர்ந்தது. 1941-ல் எண்ணிப் பார்த்தபோது சுமார் 7,77,000 பேர். வெள்ளக் காலத்தில் கொசஸ்தலையாற்றுத் தண்ணீரோ எண்ணூர்ப் பக்கம் கடலில் போய் விழுந்துகொண்டிருந்தது.

அதை நகருக்கு மேற்கே பூண்டியில் தடுத்துத் தேக்கவேண்டும் என்பது திட்டம். யுத்தச் செலவில் மூழ்கிய சர்க்காரிடம் பணம் கேட்கவேண்டும். கேட்பவரோ அந்தச் சர்க்காரின் சிறையிலே இருந்தவர்! ஆனாலும் சத்தியமூர்த்தி கேட்டார். சுதந்திரம் வந்த பிறகு தண்ணீர் குடித்துக்கொள்ளலாம் என்று அவர் இருந்துவிடவில்லை. பதவியேற்று ஒரு வருஷம் முடிவதற்குள், 1940 ஆகஸ்டு 8-ந் தேதி, கவர்னர் ஸர் ஆர்தர் ஹோப் அஸ்திவாரக் கல் நாட்டினார்.

சரியாக இரண்டு வருஷம் கழித்து, அதே ஆகஸ்டு 8-ந் தேதி, பம்பாயில் 'வெள்ளையனே வெளியேறு' தீர்மானம் நிறைவேறியது. சத்தியமூர்த்தி கைதானார். அமராவதிச் சிறைக்குக் கொண்டுபோகும் வழியில் முதுகுத்தண்டில் அடிபட்டது. 1943 மார்ச் 28-ந் தேதி சென்னை ஆஸ்பத்திரியில் காலமானார். பூண்டி அணை 1944-ல் முடிந்தது. தாம் கேட்டு வாங்கிய ஏரியில் தண்ணீர் நிற்பதை அவர் பார்க்கவில்லை. பின்னால் அதற்குச் சத்தியமூர்த்தி சாகரம் என்று பெயர் வைத்தார்கள். இன்று அதன் கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி. 1996 முதல் கிருஷ்ணா நதி நீரும் அங்கேதான் வந்து சேருகிறது.

கதையின் மறு பக்கத்தையும் சொல்லிவிடவேண்டும். சுந்தரர் பாடிய திருவெண்பாக்கம் இந்த நீர்த்தேக்கத்தில் மூழ்கிப் போயிற்று. திருவொற்றியூரில் சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறிக் கண் இழந்து வந்த சுந்தரருக்கு, இறைவன் ஊன்றுகோல் கொடுத்த தலம் அது. கோயிலைப் பிறகு மேட்டில் எழுப்பினார்கள். தலைமுறை தலைமுறையாக உழுத மண்ணை அப்படித் தூக்கி வைக்க முடியுமா? பட்டணத்துக் குழாயில் வரும் தண்ணீருக்குக் கிராமத்தார் விலை கொடுத்திருக்கிறார்கள். அதை மறந்து வீணாக்குவதும் வாக்குத் தவறுவதுதான்.

2022-ல் எங்கள் வார்டுக்கும் கவுன்சிலர் வந்துவிட்டார். பாட்டியிடம் போய்ச் சொன்னேன்.

"நல்லவரா?" என்றாள்.

"போகப் போகத் தெரியும், பாட்டி."

"தெரியறது என்ன? நாம்தான் போய்க் கேட்கணும்" என்றாள் பாட்டி.

சத்தியமூர்த்தி கேட்டார். அதனால்தான் பூண்டியில் தண்ணீர் தங்கியது.