பூட்டுக்கு முந்தைய பெட்டி: ஒரு பழைய ப்ரீஆம்ப்பின் கதை

இந்த எபிசோடுக்கு காரணம் எங்கப்பா. திண்டுக்கல்ல எங்க வீட்டு ஹால்ல உட்கார்ந்து படம் பார்க்கும்போது அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதடவை, "என்னடா சொன்னான்?"னு கேப்பார். வயசு 68. டிவி சத்தத்தைக் கூட்டினா பாட்டும் சண்டையும் காதைக் கிழிக்குது, வசனம் மட்டும் அப்படியே முணுமுணுக்குது. போன வருஷம் பொங்கலுக்குப் போனப்போ கவனிச்சேன், அவர் படம் பார்க்கிறதையே விட்டுட்டார். நியூஸ் மட்டும்தான், அதுவும் கீழே ஓடுற எழுத்தைப் படிக்கிறதுக்காக.

எங்கிட்ட ஒரு பவர் ஆம்ப்பும் அஞ்சு ஸ்பீக்கரும் சும்மா கிடந்துச்சு. இல்லாதது ப்ரீஆம்ப். சுருக்கமா சொன்னா, அதுதான் ஹோம் தியேட்டரோட மூளை. எந்த சத்தம் எந்த ஸ்பீக்கருக்குப் போகணும், எவ்வளவு போகணும்னு முடிவு பண்ற பெட்டி. பவர் ஆம்ப் வெறும் தசை. புது ப்ரீஆம்ப் விலையைப் பார்த்துட்டு லேப்டாப்பை மூடிட்டேன். அப்புறம் பழசு தேட ஆரம்பிச்சப்போதான் ஒரு விசித்திரம் கண்ணுல பட்டுச்சு. 2000-களோட தொடக்கத்துல லட்சக்கணக்குல வித்த பெட்டிகள் இன்னிக்கு 25,000, 30,000 ரூபாய்க்குக் கிடக்குது. அதே காலத்து பவர் ஆம்ப் விலை இந்த அளவுக்கு விழல. ஏன் மூளை மட்டும் இப்படி மலிஞ்சு போச்சு? அதுதான் இன்னிக்கு கதை.

1970-களுக்குப் போவோம். சினிமா ஃபிலிம் ஓரத்துல ரெண்டு ஒலித்தடத்துக்குத்தான் இடம். டால்பி நிறுவனம் அந்த ரெண்டுக்குள்ளயே நாலு சேனலை மடிச்சு வச்சுது: இடது, வலது, நடு, பின்பக்கம். 1977-ல வந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தோட இது உலகம் முழுக்கப் பிரபலமாச்சு. இதுல நடு சேனல் ரொம்ப முக்கியம். தியேட்டர்ல ஓரத்து சீட்ல உட்கார்ந்தவனுக்கும் வசனம் திரையில இருந்தே வர்ற மாதிரி கேக்கணும் இல்லையா? அதுக்குத்தான் நடு ஸ்பீக்கர். எங்கப்பா பிரச்சினைக்கான பதில் அங்கேயே இருந்திருக்கு.

மடிச்சதைப் பிரிக்க வீட்டுக்குள்ள ஒரு பெட்டி வேணும். 1987-ல டால்பி ப்ரோ லாஜிக் வந்துச்சு. அமெரிக்காவுல மாசசூசெட்ஸ்ல லெக்சிகன்னு ஒரு கம்பெனி. 1978-ல அவங்க கொண்டுவந்த 224 என்ற டிஜிட்டல் எதிரொலிக் கருவி, உலகத்துல பெரிய பெரிய ஸ்டுடியோக்கள்ல எல்லாம் இடம் பிடிச்சது. அங்க டேவிட் க்ரீஸிங்கர்னு ஒருத்தர். அணு இயற்பியல் படிச்சுட்டு, மனுஷக் காது ஒலியை எப்படிப் புரிஞ்சுக்குதுன்னு ஆராய்ச்சி பண்ணவர். அவர் உருவாக்கின 'லாஜிக் 7' முறை, சாதாரண ஸ்டீரியோவை எடுத்து ஏழு ஸ்பீக்கருக்குப் பிரிச்சுக் கொடுக்கும். ஸ்டுடியோவுல வளர்ந்த மூளை வீட்டு ஹாலுக்கு வந்துச்சு.

நம்ம ஊருக்கு வருவோம். 1995-ல 'குருதிப்புனல்' டால்பி ஸ்டீரியோ எஸ்.ஆர். ஒலியோட வந்துச்சு. அடுத்த வருஷம் 'கருப்பு ரோஜா' டி.டி.எஸ். ஒலியோட. அதுக்கப்புறம் தியேட்டர் போஸ்டர்ல எல்லாம் 'ஏ.சி. டி.டி.எஸ்.'னு கொட்டை எழுத்துல போட ஆரம்பிச்சாங்க. டி.டி.எஸ். எப்படி வேலை செஞ்சுச்சு தெரியுமா? ஒலி ஃபிலிம்ல கிடையாது. ஃபிலிம்ல நேரக்குறியீடு மட்டும். ஒலி தனியா சி.டி. வட்டுல ஓடும், குறியீட்டைப் பார்த்துப் படத்தோட சேர்ந்துக்கும். கோட் எழுதுற எனக்கு இது பயங்கரமா பிடிச்சிருந்துச்சு.

வீட்டுல டி.வி.டி. வந்தப்போ, டால்பி டிஜிட்டல் 5.1 சேனலை விநாடிக்கு அதிகபட்சம் 448 கிலோபிட்டுக்குள்ள சுருக்கித் தந்துச்சு. சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து உருவாக்கின எஸ்/பி.டி.ஐ.எஃப். ஒத்தை வயர் அதுக்கு தாராளமாப் போதும். 2002 வாக்குல ஒரு நல்ல ப்ரீஆம்ப் வாங்கினவன், இனி வாழ்நாள் முழுக்க இது போதும்னு நினைச்சிருப்பான். நினைச்சதுல தப்பும் இல்ல.

ஆனா அந்த 2002 டிசம்பர்லயே ஏழு கம்பெனிகள் சேர்ந்து எச்.டி.எம்.ஐ.யை வெளியிட்டாங்க. படமும் ஒலியும் ஒரே கேபிள்ல. கூடவே எச்.டி.சி.பி.ன்னு ஒரு பூட்டு. இன்டெல் உருவாக்கினது. அனுப்புற பெட்டியும் வாங்குற பெட்டியும் முதல்ல சாவியை ஒப்பிட்டுப் பார்க்கும். பொருந்தலைன்னா படமும் இல்ல, சத்தமும் இல்ல.

இங்க தாத்தாவைப் பத்தி சொல்லணும். அவர் நாகல்நகர் பக்கம் ஒரு பட்டறையில பூட்டு செஞ்சவர். திண்டுக்கல் பூட்டுன்னா கையால செய்யுறது. 2019-ல புவிசார் குறியீடு கிடைச்சுது, ஆனா அதுக்குள்ள அலிகார் பூட்டு சந்தையைப் பிடிச்சிருச்சு, பட்டறைகள் குறைஞ்சு போச்சு. உள்ளே தகடு தகடா லீவர் இருக்கும், சரியான சாவி ஒவ்வொரு தகட்டையும் சரியான உயரத்துக்குத் தூக்கினாத்தான் திறக்கும். தாத்தா ஒன்னு சொல்வார்: "பூட்டு திருடனுக்குன்னு நினைக்கிற. சாவியைத் தொலைச்ச வீட்டுக்காரன்தான்டா அதுகிட்ட அதிகமா மாட்டுறான்."

எச்.டி.சி.பி. கதையும் அதேதான். 2006-ல ப்ளூ-ரே வந்துச்சு. டால்பி ட்ரூ எச்.டி. மாதிரி இழப்பில்லாத ஒலி விநாடிக்கு 18 மெகாபிட் வரைக்கும் போகும். பழைய ஒத்தை வயருக்கு அந்தக் கொள்ளளவு இல்ல. கொள்ளளவு இருந்திருந்தாலும், பூட்டில்லாத வழியில முழுத்தரத்தோட டிஜிட்டலா வெளியே விட ஸ்டுடியோக்களுக்கு மனசில்ல. 2010 செப்டம்பர்ல எச்.டி.சி.பி.யோட மாஸ்டர் சாவியே இன்டர்நெட்ல கசிஞ்சுது, உண்மைதான்னு இன்டெலே ஒத்துக்கிட்டாங்க. திருடனுக்கு சாவி கிடைச்சிருச்சு. ஆனா காசு கொடுத்து நல்ல ப்ரீஆம்ப் வாங்கினவன் இன்னும் வாசல்லயேதான் நின்னான்.

4கே வந்தப்போ எச்.டி.சி.பி. 2.2ன்னு பூட்டை மாத்தினாங்க. எச்.டி.எம்.ஐ. இருந்த பெட்டிகளும் அப்போ பழசாச்சு. வீட்டுக்கு டால்பி அட்மாஸ் வந்தது 2014-ல. அதுல இன்னொரு சுற்று. இதுல எந்த சுற்றுலயும் பழைய பெட்டியோட ஒலித்தரம் கெட்டுப் போகல, கதவுதான் மாறிக்கிட்டே இருந்துச்சு. பவர் ஆம்ப்புக்குக் கதவே கிடையாது, அதனாலதான் அதோட விலை நிக்குது.

சரி, மதுரையில ஒருத்தர் விக்கிறதா தெரிஞ்சு போனேன். 2003 வாக்குல வந்த பெட்டி, பேர் சொல்லல. 28,000 ரூபாய். பெரியவர் காபி கொடுத்துட்டு, "தம்பி, எச்.டி.எம்.ஐ. கிடையாது, தெரியும்ல?"ன்னார். "தெரியுங்கய்யா." "அப்ப சரி, எடுத்துட்டுப் போங்க"ன்னார். கேபிளைச் சொருகப் போன என் கையைத் தடுத்தது பின்பக்கம் இருந்த சின்ன எழுத்து: 120 வோல்ட். அமெரிக்காவுல இருந்து வந்த பெட்டி. நம்ம 230-ல நேரா மாட்டியிருந்தா, ஒரே புகை. அவர் ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் வச்சிருந்தார், அதையும் சேர்த்துக் கொடுத்தார்.

நீங்க வாங்கப் போறதா இருந்தா, முதல்ல அந்த எழுத்தைப் பாருங்க. ரெண்டாவது, ஒவ்வொரு சேனலா டெஸ்ட் டோன் ஓட விட்டுக் கேளுங்க. மூணாவது, ஒரு மணி நேரம் சூடாக விட்டு மறுபடியும் கேளுங்க. எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டர் உள்ளே மெல்ல மெல்ல காயுற சாமான். பத்து டிகிரி சூடு ஏறினா ஆயுசு பாதியாகும்னு ஒரு கணக்கு இருக்கு. திண்டுக்கல் சித்திரை வெயிலுக்கு சொல்லவே வேண்டாம். நாலாவது, செட்டிங்கை ஞாபகம் வச்சுக்கிற சின்ன பேட்டரி உயிரோட இருக்கான்னு பாருங்க. கடைசியா, பல சேனல் அனலாக் உள்ளீடு இருந்தா விடாதீங்க. பூட்டை உள்ளேயே திறந்து அனலாக்கா வெளியே தர்ற பழைய ஒப்போ ப்ளேயர் மாதிரி ஒன்னு கிடைச்சா, அதுதான் மாற்றுச்சாவி. ஒப்போ 2018-ல ப்ளேயர் செய்யுறதை நிறுத்திட்டதால அதுவும் பழசாத்தான் கிடைக்கும்.

என் பெட்டியில பின்பக்க இடது சேனல் சூடானதும் கரகரத்துச்சு. மதுரையில நான் ஒரு மணி நேரம் காத்திருக்கல, என் அவசரம். எங்க ஊர் ரேடியோ மெக்கானிக் அண்ணன் நாலு கெபாசிட்டரை மாத்தி 1,800 வாங்கினார். "இதுக்கு ஒரு சவுண்ட்பார் வாங்கியிருக்கலாமே தம்பி"ன்னார். அண்ணே, வாங்கியிருக்கலாம். வசனம் கேக்கறதுக்கு மட்டும்னா அதுவே போதும். இதுல பாதி அப்பாவுக்கு, பாதி எனக்குன்னு ஒத்துக்கிறேன்.

ஆனா கணக்கு போட்டுப் பார்த்தப்போ ஒன்னு புரிஞ்சுது. அப்பா பார்க்கிற படம் எல்லாமே இந்தப் பூட்டுக்கு முந்தின படம். மோனோ, இல்லைன்னா ஸ்டீரியோ. அவருக்கு அட்மாஸ் வேண்டாம், 4கே வேண்டாம். டிவியோட ஆப்டிகல் வயர் போதும். இடதும் வலதும் ஒரே மாதிரி இருக்கிற மோனோ ஒலியை இந்தப் பெட்டி அப்படியே நடு ஸ்பீக்கருக்குத் தள்ளிடும். 1977-ல ஓரத்து சீட்டுக்காரனுக்காகப் போட்ட கணக்கு.

முதல்ல போட்டது 'பராசக்தி'. 1952. வசனத்துக்காகவே ஓடின படம். நடு சேனலை நாலு டெசிபல் கூட்டி வச்சேன். அப்பா நாற்காலியை முன்னாடி இழுக்கல. கோர்ட் சீன் முடியுற வரைக்கும் "என்னடா சொன்னான்?"னு ஒருதடவைகூட கேக்கல. முடிஞ்சதும் ரிமோட்டைக் கேட்டார். எதுக்குப்பான்னேன்.

"கொஞ்சம் குறைடா. பக்கத்து வீட்ல தூங்குவாங்க."

உங்க வீட்டுப் பரண்லயும் இப்படி ஒரு பெட்டி கிடந்தா, காய்லாங்கடைக்குப் போடுறதுக்கு முன்னாடி அதுக்கு எந்தக் கதவு திறக்கும்னு பார்த்துட்டு எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.