மூங்கிலுக்குள் காவல் இருக்கும் தந்தை

கோடம்பாக்கத்தில் வடகிழக்குப் பருவமழை வலுத்துவிட்டால், தேங்கிய நீரில் தவளைகள் இரவெல்லாம் குரலெழுப்பும். மறுநாள் மத்ரஸாவுக்கு வரும் பிள்ளைகள் அவற்றைப் பற்றிக் கேட்பார்கள். தவளை நீரில் முட்டையிடும், முட்டை தலைப்பிரட்டையாகும், தலைப்பிரட்டை தவளையாகும் என்று பாடநூலில் உள்ளதையே நாமும் சொல்லிவிடுகிறோம். ஆனால் இந்த வழமைக்குள் அடங்காத ஒரு மரத்தவளை நம் தமிழகத்து மழைக்காட்டிலேயே வாழ்கிறது. அதன் வரலாறு அறியத் தக்கது.

சென்னை மாகாண வனத்துறைக்குத் தலைமை வகித்த பெடோம் என்னும் ஆங்கிலேயர், திருவிதாங்கூர் மலைகளில் திரட்டிய உயிரினங்களை லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார். அவற்றுள் இருந்த இச்சிறு பச்சைத் தவளையை 1876-இல் ஆல்பர்ட் குந்தர் என்ற விலங்கியலாளர் பெயரிட்டு விவரித்தார். ராவொர்கெஸ்டிஸ் சலசோடிஸ் என்பது இன்று அதன் அறிவியல் பெயர். பின்னர் அதைக் கண்டவர் எவருமில்லை. அழிந்தே போயிருக்கும் என்ற ஐயம் வலுத்தது. 2011-இல்தான், டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எஸ்.டி. பிஜு தலைமையிலான தேடுதல் குழு, 136 ஆண்டுகளுக்குப் பின் அது மீண்டும் காணப்பட்டதை அறிவித்தது. நாம் காணவில்லை என்பதற்காக ஒன்று இல்லாமல் போய்விடுவதில்லை.

அது எங்கே மறைந்து வாழ்ந்தது? திருநெல்வேலிச் சீமையின் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தில் சேஷாத்ரி, குருராஜா, பிக்ஃபோர்டு ஆகியோர் ஆராய்ந்து 2014-இல் இதற்கு விடை தந்தனர். ஏறத்தாழ ஓர் அங்குல நீளமே உள்ள இத்தவளை, உயிருள்ள நாணல் மூங்கிலின் இரு கணுக்களுக்கு இடைப்பட்ட வெற்றிடத்தில் குடியிருக்கிறது. தண்டில் உள்ள சிறு பிளவே அதன் வாயில். உடலை ஒடுக்கி அதனுள் நுழைந்து, உட்சுவரில் ஐந்து முதல் எட்டு முட்டைகள் வரை இடுகிறது. தலைப்பிரட்டைப் பருவமே இல்லை. முட்டையிலிருந்து குட்டித் தவளையே வெளிவருகிறது. ஆகவே குளமோ குட்டையோ தேவையில்லை.

முட்டைகளைக் காப்பது ஆண் தவளை. மாலையில் சில மணிநேரம் வெளியே சென்று வருவது தவிர, அது முட்டைகளை விட்டு அகல்வதில்லை. தந்தையை அகற்றினால் என்ன நேரும் என்றும் பின்னர் சோதித்தார்கள். காவலற்ற முட்டைகளுள் பெரும்பாலானவை அழிந்தன. அதே இனத்தின் வேறு ஆண் தவளைகளே அவற்றைத் தின்றன. ஒரு மூங்கிலை வெட்டினால், வெட்டுபவர் அறியாமலே ஒரு குடும்பம் வீடிழக்கக்கூடும்.

மருத்துவர் ஒருவர் தவளையை மருந்தில் சேர்ப்பது குறித்து வினவியபோது, அதனைக் கொல்ல வேண்டாம் என நபி (ஸல்) அவர்கள் தடுத்த செய்தி அபூதாவூதில் பதிவாகியுள்ளது. நாமோ, மழைநாளில் வீட்டுக்குள் வந்த தவளையின் மீது உப்பைத் தூவுகிறோம். தோலின் வழியாகவே நீரை உறிஞ்சி வாழும் உயிருக்கு உப்பு பெரும் வேதனை. அடுத்த மழைக்கு வாசற்படியில் ஒன்று வந்து அமர்ந்தால், பிள்ளைகளை அழைத்துக் காட்டுங்கள். பின் ஒரு முறத்தில் ஏந்தி, ஈரமுள்ள இடத்தில் விட்டுவிடுங்கள்.