வடகொங்கு வீரனின் மெய்க்காப்பு: இரும்பு விளைந்த நிலத்தில் தோல் கவசம்

ரோமானியரின் செதில் கவசத்தை மீட்டுருவாக்க முனைவோர்க்குத் துளைகளே முதற்சான்று. சின்னஞ்சிறு உலோகச் செதில்களின் ஓரத் துளைகளைக் கொண்டு, பக்கத்துச் செதிலோடு அவை கம்பியால் பிணைக்கப்பட்ட விதத்தையும் அடித்துணியோடு தைக்கப்பட்ட விதத்தையும் அறிந்துவிடலாம். ஸ்காட்லாந்தின் கார்ப்போவில் வெண்கலச் செதில்களோடு துணியும் ஒட்டியே கிடைத்தது. வடகொங்கின் சேலம், நாமக்கல் சமவெளியில் வாழ்ந்த பண்டை வீரனுக்கு உடை தைக்க முனைபவருக்கோ அப்படி ஒரு செதில்கூட அகப்படவில்லை. ஆனால் இங்கே இல்லாமையும் ஒரு சான்றாகிறது. அவன் மார்பைக் காத்தது தோல்தான் என்பது என் துணிபு.

இரும்புக்குப் பஞ்சமான நிலமாக இருந்தால் இந்த வாதம் நிற்காது. ஆனால் இங்குள்ள கஞ்சமலை இரும்புக் கனிமம் செறிந்த மலை. மேட்டூரை அடுத்த மாங்காட்டு ஈமச்சின்னத்தின் இரும்பைக் கரிமக் காலக்கணிப்பு கி.மு. 1604-க்கும் 1416-க்கும் இடையில் வைக்கிறது. அதே வட்டாரத்துத் தெலுங்கனூரின் இருபுறக் கூர் வாளில் கரிமம் மிகுந்த எஃகு இருப்பதை உலோகவியல் ஆய்வு காட்டியது. எஃகின் இயல்பை இவ்வளவு அறிந்த கொல்லர்க்கு மெல்லிய தகடு அடித்துத் துளையிடுவது எட்டாத வேலையாக இருந்திருக்க முடியாது. ஆகவே தகட்டுக் கவசம் இல்லாததைத் திறமைக் குறைவாகக் கொள்ளக்கூடாது. அருமையான எஃகு வாளின் விளிம்புக்கும் அம்பின் முனைக்கும் போயிற்று என்பதே பொருத்தம்.

இலக்கியமும் இப்பக்கமே சாய்கிறது. புறநானூற்றின் 13-ஆம் பாட்டில் கருவூரை நெருங்கும் சோழன் முடித்தலைக் கோப்பெருநற்கிள்ளி, புலித்தோல் கவசம் அணிந்து யானை மேல் வருகிறான். அம்புகள் பாய்ந்து அந்தக் கவசம் கிழிந்திருக்கிறது. கருவூர் நாமக்கல்லுக்குக் காவிரியின் மறுகரை. வேந்தனுக்கே தோல் கவசம் என்றால் காலாளுக்கு எதை எதிர்பார்ப்பது?

மெல்லிய தகடு துருவேறி அழிந்திருக்கும் என்பது முதல் மறுப்பு. தனித் தகடு அழியலாம். ஆனால் ஒரு கவசத்துக்குப் பல நூறு செதில்கள் வேண்டும். அவை ஒன்றன்மேல் ஒன்றாகத் துருவேறி இறுகிய கட்டியாக நிற்கும். தட்சசீலத்தின் சிர்காப்பில் இரும்புக் கவசத் தகடுகள் மிஞ்சியிருக்கின்றன. இதைவிட வலிய மறுப்பு ஒன்று உண்டு: விலையுயர்ந்த கவசத்தைப் புதைக்காமல் மகனுக்கு விட்டிருக்கலாம். அப்படியானால் வாளை மட்டும் ஏன் புதைத்தார்கள்? வாளும் எளிதில் கிடைத்த பொருள் அல்ல. இருப்பினும் இந்த மறுப்பு முற்றிலும் சாய்ந்துவிடவில்லை. என் முடிவை உறுதி என்று சொல்லாமல் துணிபு என்று சொல்ல இதுவே காரணம்.

நடுகற்களைச் சான்றாக்குவதில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். செங்கம் நடுகல் வீரனின் கையில் வில்லும் வாளும், இடையில் குறுவாள், காதில் குழை, உடலில் தைத்த அம்புகள் என ஒவ்வொன்றையும் சிற்பி செதுக்கியிருக்கிறான். மார்பு மட்டும் வெறுமையாக இருக்கிறது. கவசமே வழக்கில் இல்லை என்று இதிலிருந்து முடிவு கட்டுவது தவறு. மார்பில் ஏற்ற விழுப்புண்ணைக் காட்டுவதும் அந்தக் கல்லின் நோக்கமாக இருந்திருக்கலாம். கவசம் செதுக்கினால் புண் மறைந்துவிடும். மேலும் தெலுங்கனூர் வாளுக்கும் பல்லவர் காலத்ததான இந்தச் செங்கம் கல்லுக்கும் இடையே ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேல். வாளை ஈமக்குழியிலிருந்தும் கவசத்தைப் பாட்டிலிருந்தும் இடைக்கச்சையை நடுகல்லிலிருந்தும் எடுத்து ஒரே உருவத்துக்கு அணிவித்தால், எக்காலத்திலும் வாழ்ந்திராத ஒருவனைத்தான் அருங்காட்சியகத்தில் நிறுத்துவோம். சங்ககால உருவத்துக்குப் புலித்தோல் கவசமும் தோலால் ஆன கிடுகுக் கேடயமும் போதும். அதற்கு முந்தைய உருவத்துக்கு வாளைக் கொடுத்து, மார்பின் பகுதியைக் கோட்டுருவமாகவே விடவேண்டும். இந்தத் துணிபைச் சோதிக்க வழியும் உண்டு. ஈமக்குழிகளில் கிடைத்து, இன்னதென்று அறியப்படாமல் ஒதுக்கப்பட்ட துருக்கட்டிகளை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கலாம். ஏதேனும் ஒன்றில் வரிசையாகத் துளைகள் தென்பட்டால் இக்கட்டுரையின் வாதம் வீழும்.