ஐவர் மலை: ஒரு பெயரும் பல குன்றுகளும்

திண்டுக்கல் நகரின் ஒரு பகுதி பேகம்பூர் எனப்படுகிறது. 1755ஆம் ஆண்டில் மைசூர் அரசின் சார்பாகத் திண்டுக்கல்லுக்கு வந்த ஐதர் அலி, பின்னாளில் மைசூரையே ஆளும் நிலைக்கு உயர்ந்தார். அவர் குடும்பத்தைச் சேர்ந்த அமீருன்னிசா பேகம் திண்டுக்கல்லில் மறைந்து, இங்கு அடக்கம் செய்யப்பட்டார். அவ்வம்மையாரின் அடக்கத்தலத்தையும் பெரிய பள்ளிவாசலையும் சூழ்ந்த குடியிருப்பு, அவர் பெயராலேயே பேகம்பூர் ஆயிற்று. மைசூர் ஆட்சி அகன்றது. கும்பெனி ஆட்சி வந்து அதுவும் மறைந்தது. ஆயினும் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அப்பெயரும் அதன் பொருளும் மாறவில்லை. அந்தப் பள்ளிவாசலில் தொழும் மக்கள் தலைமுறை தலைமுறையாக அங்கேயே வாழ்வதே இதற்குக் காரணம். பெயரைச் சொல்வோர் இருந்தனர். ஆகவே பெயரின் பொருளும் நிலைத்தது.

அதே திண்டுக்கல் மாவட்டத்தின் மேற்கு எல்லையில் இதற்கு நேர்மாறான ஒரு வரலாறு உண்டு. பழனியிலிருந்து கொழுமம் செல்லும் வழியில், பாப்பம்பட்டிக்கு அருகே தனித்து நிற்கும் குன்று ஐவர் மலை. வனவாசத்தின்போது பாண்டவர் ஐவரும் இங்குத் தங்கினர் என்பது வட்டார மக்கள் வழிவழியாகக் கூறும் செய்தி. ஆனால் அம்மலையின் பாறையோ வேறு பெயர்களைக் கூறுகிறது.

திருவயிரை

மலையில் இயற்கையாக அமைந்த நீண்ட குகைத்தளம் ஒன்று உள்ளது. அதன் மேற்பாறையில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றை ஒட்டிச் சிறு சிறு வட்டெழுத்துக் கல்வெட்டுகள் காணப்படுகின்றன. அச்சணந்தி, இந்திரசேனன், மல்லிசேனப் பெரியார் என முனிவர் பெயர்கள் அவற்றில் வருகின்றன. இவருள் அச்சணந்தி அடிகள் மதுரை வட்டாரத்துக் குன்றுகள் பலவற்றிலும் திருவுருவங்கள் செய்வித்தவராக அறியப்படுபவர்.

இவற்றுள் தலையாயது சக ஆண்டு 792இல், அதாவது கி.பி. 870இல், பொறிக்கப்பட்ட கல்வெட்டு. அது பாண்டிய மன்னன் வரகுணனின் 8ஆம் ஆட்சியாண்டு. குணவீரக் குரவடிகளின் மாணாக்கர் சாந்திவீரக் குரவர், திருவயிரையில் எழுந்தருளியிருந்த பார்சுவ படாரரின் திருமேனியையும் இயக்கியரின் உருவங்களையும் புதுக்கினார். வழிபாட்டில் படைக்கும் அவி தடையின்றி நடக்கவும், அங்கு உறையும் அடிகள் ஒருவருக்கு உணவு கிடைக்கவும் 505 காணம் பொன்னை முதலாக வைத்தார். இதுவே கல்வெட்டு தரும் செய்தி.

தமிழக வரலாற்று ஆய்வில் இக்கல்வெட்டுக்குத் தனி மதிப்பு உண்டு. பாண்டியர் கல்வெட்டுகள் பெரும்பாலும் மன்னனின் ஆட்சியாண்டை மட்டுமே தருவன. அந்த ஆட்சி எப்பொழுது தொடங்கியது என்பதை அவற்றைக் கொண்டு அறிய இயலாது. திருவயிரைக் கல்வெட்டோ சக ஆண்டையும் ஆட்சியாண்டையும் ஒருங்கே தருகிறது. அதனால் இரண்டாம் வரகுணன் கி.பி. 862ஐ ஒட்டி அரசேற்றான் என்பது உறுதிப்பட்டது. ஒரு சமண ஆசிரியர் தம் அறக்கொடையைப் பதிவு செய்த சில வரிகள், பாண்டியர் காலவரிசை முழுவதற்கும் ஆணிவேர் ஆயின.

சங்க நூலாகிய பதிற்றுப்பத்து, சேரர் வரலாற்றோடு இணைத்து அயிரை என்னும் மலையைக் கூறுகிறது. அப்பழம்பெயரே கல்வெட்டில் 'திரு' என்னும் அடையோடு திருவயிரை என நிற்கிறது. அயிரை மலை என்பது மக்கள் நாவில் மெல்ல ஐவர் மலை ஆயிற்று. ஐவர் என்றானபின் பாண்டவர் கதை தானாகவே வந்து சேர்ந்தது.

பெயர் பரவிய இடங்கள்

ஐவர் மலையில் ஒலியின் ஒற்றுமையால் வந்த பெயர், பிற இடங்களில் ஒலித்தொடர்பு ஏதுமின்றியே வழங்குகிறது. தமிழ்நாட்டில் பஞ்சபாண்டவர் பெயரால் அழைக்கப்படும் குன்றுகள் பல. அவற்றுட் சிலவற்றை நோக்கினால், ஒரே பெயரின் கீழ் எத்தனை வேறு மனிதர்கள் மறைந்துள்ளனர் என்பது விளங்கும்.

மேலூருக்கு அருகே கீழவளவில் ஒரு பஞ்சபாண்டவர் மலை உண்டு. அங்குள்ள குகைத்தளத்தில் கற்படுக்கைகளும், தமிழி எழுத்தில் அமைந்த கல்வெட்டும் உள்ளன. தொண்டியைச் சேர்ந்த உபாசகர் ஒருவர் பள்ளி அமைத்துக் கொடுத்ததை அது கூறுகிறது. அக்கல்வெட்டின் எழுத்துகள் இடவலம் மாறியும் தலைகீழாகவும் வெட்டப்பட்டிருப்பதால், அதனைப் படித்தறிவது எளிதாக இருக்கவில்லை. கடற்கரைத் துறைமுகமாகிய தொண்டியிலிருந்து உள்நாட்டுக் குன்றுக்கு வந்து முனிவர்க்கு உறைவிடம் அமைத்த இல்லறத்தார் ஒருவர் இருபது நூற்றாண்டுகளுக்கு முன்னர் இருந்தார் என்பதற்கு அதுவே சான்று. அதே மேலூர் வட்டாரத்துக் கருங்காலக்குடியில் பஞ்சபாண்டவர் குட்டு எனப்படும் குன்று உள்ளது. அங்குள்ள பள்ளி ஏழையூரைச் சேர்ந்த அரிதின் என்பவரின் கொடை.

வடக்கே ஆர்க்காட்டுக்கு அருகே, விளாப்பாக்கத்தை ஒட்டி மற்றொரு பஞ்சபாண்டவர் மலை உள்ளது. கல்வெட்டுகளில் அதன் பெயர் திருப்பான்மலை. பல்லவ மன்னன் நந்திவர்மனின் 50ஆம் ஆட்சியாண்டில், நாரணன் என்பவர் பொன்னியக்கியின் உருவத்தையும் நாகநந்தி குரவரின் உருவத்தையும் அங்குச் செய்வித்தார். முதலாம் பராந்தக சோழனின் 38ஆம் ஆட்சியாண்டில், திருப்பான்மலை அரிட்டநேமி படாரரின் மாணாக்கியாகிய பட்டினிக்குரத்தி அடிகள் விளாப்பாக்கத்தில் கிணறு எடுத்தார். முதலாம் இராசராசன் காலத்தில், இலாட மகாதேவி என்னும் அரசி தம் கணவரிடம் வேண்டி, திருப்பான்மலைப் பள்ளிக்கு உரிய ஊரின் மீதிருந்த வரிகளை நீக்கச் செய்தார். ஆசிரியர், சிற்பம் செய்வித்த இல்லறத்தார், துறவு பூண்ட பெண்மணி, அரசி என இத்தனை பேரின் வாழ்வு அம்மலையோடு பிணைந்தது. இன்றைய பெயரோ இவருள் எவரையும் நினைவூட்டுவதில்லை.

சமணத்தோடு தொடர்பில்லாத பழம்பொருள்களும் இப்பெயரைப் பெற்றன. மாமல்லபுரத்தில் பல்லவர் செதுக்கிய ஒற்றைக்கல் தளிகளைத் தருமராசர் ரதம், பீமன் ரதம், அர்ச்சுனன் ரதம் என்றே உலகம் அறியும். அவற்றை அமைத்தோர் இட்ட பெயர்கள் அவை அல்ல. கொங்கு நாட்டிலும் நீலகிரியிலும் உள்ள பெருங்கற்கால ஈமக்குழிகள் பாண்டுக்குழிகள் எனப்பட்டன. சமண முனிவரின் படுக்கை, பல்லவரின் கற்றளி, பெயரறியா முன்னோரின் ஈமக்குழி ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று உறவில்லாதவை. எனினும் ஒரே பெயர் மூன்றுக்கும் பொருந்தியது.

பெயர் மாறியதற்குக் காரணம்

இதனைத் திட்டமிட்ட மறைப்பு எனக் கருதுவது எல்லா இடங்களுக்கும் பொருந்தாது. குன்றுகளில் முனிவர் தங்குவது நின்றது. அவர்களுக்கு உணவளித்த வணிகரும் உழவரும் வேறு சமயம் சார்ந்தனர், அல்லது வேறிடம் பெயர்ந்தனர். வட்டெழுத்தைப் படிப்போரும் அருகினர். எஞ்சியவை தலையணை போன்ற மேடுடன் வழவழப்பாக்கப்பட்ட படுக்கைகள் மட்டுமே. காட்டு நடுவே, ஆள் நடமாட்டமற்ற குகையில், மனிதர் படுத்துறங்கிய தடம் இருக்கிறது. யார் படுத்திருக்கக்கூடும் என்று சிற்றூர் மக்கள் எண்ணினர். பன்னிரண்டு ஆண்டுகள் காட்டில் திரிந்து, ஓராண்டு மறைந்து வாழ்ந்தவர்களை அவர்கள் பாரதக் கதைப் படிப்பாலும் கூத்தாலும் நன்கு அறிந்திருந்தனர். அறியாத தடத்துக்கு அறிந்த பெயரை இட்டனர், மதிப்போடுதான் இட்டனர்.

மேலும், பாண்டவர் சமண மரபுக்கு அயலார் அல்லர். 22ஆம் தீர்த்தங்கரராகிய நேமிநாதர், கண்ணபிரானின் உறவினராகவே சமண நூல்களில் போற்றப்படுகிறார். கி.பி. 783இல் ஜினசேனர் நிறைவு செய்த அரிவம்ச புராணம் பாண்டவர் வரலாற்றையும் விரித்துரைக்கிறது. திகம்பர மரபின்படி, பாண்டவர் இறுதியில் துறவு பூண்டு சத்ருஞ்சய மலையில் தவமியற்றினர். தருமர், பீமர், அர்ச்சுனர் மூவரும் வீடுபேறு அடைந்தனர். கற்படுக்கைக்குப் பாண்டவர் பெயரைச் சூட்டிய சிற்றூரார் இதனை அறிந்திருக்க வேண்டுவதில்லை. ஆயினும் பெயரால் இரு மரபுகளும் பகைக்க வேண்டிய தேவை இல்லை என்பதை இச்செய்தி உணர்த்துகிறது.

சில இடங்களில் வேறு வகை மாற்றம் நிகழ்ந்தது. நிலக்கோட்டை வட்டத்து மேட்டுப்பட்டியை ஒட்டிய குன்று சித்தர் மலை ஆயிற்று. அங்குள்ள தமிழிக் கல்வெட்டு ஒன்றில் மதிரையைச் சேர்ந்த அத்திரன் என்னும் அமணனின் பெயர் உள்ளது. மதுரை கீழக்குயில்குடியில் சமணர் மலை என்றே பெயர் நிலைத்தது. அங்கே வாழ்ந்தவர் எச்சமயத்தார் என்பதை அயலார் நினைவில் கொண்டனர். அவர்கள் யார் யார் என்பதை நினைவில் கொள்ளவில்லை. ஒரு சமயத்தின் பெயர் எஞ்சுவது வேறு, அதன் மனிதர் பெயர் எஞ்சுவது வேறு.

குடிகள் நின்ற இடம்

சமணக் குடிகள் தொடர்ந்து வாழும் இடத்தில் நிலைமை முற்றிலும் வேறாக உள்ளது. உளுந்தூர்ப்பேட்டைக்கு அருகே திருநறுங்கொண்டைக் குன்றிலும் பாறையில் செதுக்கப்பட்ட பார்சுவநாதர் எழுந்தருளியுள்ளார். அங்கு அவர் அப்பாண்டைநாதர் என்னும் இனிய தமிழ்ப் பெயரோடு இன்றும் வழிபடப்படுகிறார். திருவயிரையில் இருப்பவரும் பார்சுவநாதரே. அங்கும் கல்லே, இங்கும் கல்லே. திருநறுங்கொண்டையில் பெயரைச் சொல்லி விளக்கேற்றும் குடும்பங்கள் உள்ளன. திருவயிரையில் சாந்திவீரக் குரவர் 505 காணம் பொன் வைத்தும், அந்தத் தொடர்ச்சி ஒரு காலத்தில் அறுந்தது. பொன்னாலும் கல்லாலும் மட்டும் பெயர் காக்கப்படுவதில்லை, நாவால் காக்கப்படுகிறது. பேகம்பூர் கற்பிப்பதும் இதுவே.

ஆயினும் குன்றுகளைக் காத்தவர்கள் யார் என்பதையும் மறத்தல் கூடாது. மேலூர் அருகே அரிட்டாபட்டியில் தமிழிக் கல்வெட்டுகளும், அச்சணந்தி செய்வித்த தீர்த்தங்கரர் திருவுருவமும் உள்ளன. 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் பகுதி தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2024 நவம்பரில் அப்பகுதியை உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிவானபோது, சுற்றுவட்டச் சிற்றூர்களின் மக்கள் திரண்டு எதிர்த்தனர். 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை நீக்கியது. போராடிய அம்மக்களுள் மிகப் பெரும்பாலோர் சமணர் அல்லர். அம்மலைகளைத் தம் தெய்வங்களின் மலைகளாகவும், தம் கண்மாய்களுக்கு நீர் தரும் மலைகளாகவும் போற்றுவோர் அவர்கள். ஐவர் என்றும் சித்தர் என்றும் மக்கள் இட்ட பெயர்களிலும் அத்தகைய பற்றே விளங்குகிறது. ஆதலின் அப்பெயர்களை அகற்றக் கோருவது நன்றியுடைய செயல் ஆகாது. பழம்பெயரை அவற்றின் அருகே மீண்டும் ஒலிக்கச் செய்வதே முறை.

அதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. ஐவர் மலைக்குச் செல்லும் குடும்பம் அதனைத் திருவயிரை என்றும் கூறிப் பழகலாம். பஞ்சபாண்டவர் மலையைக் காணும் பிள்ளைகளுக்குத் திருப்பான்மலையையும் பட்டினிக்குரத்தி அடிகளையும் இலாட மகாதேவியையும் சொல்லித் தரலாம். கீழவளவில் தொண்டி உபாசகரை நினைக்கலாம். கல்வெட்டின் மீது சுண்ணமோ வண்ணமோ படாமல் காப்பதும், அதன் செய்தியை உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர்களோடு பகிர்வதும் அவ்வூராரின் பெருமையையும் வளர்க்கும்.

சாந்திவீரக் குரவர் கி.பி. 870இல் பார்சுவ படாரரின் திருமேனியைப் புதிதாகச் செய்ததாகக் கல்வெட்டு கூறவில்லை, புதுக்கியதாகவே கூறுகிறது. அவர் காலத்திலேயே அத்திருமேனி பழமை அடைந்திருந்தது. தமக்கு முன்னோர் விட்டுச் சென்றதை அவர் கண்டு, மங்கியதைத் துலக்கி, அடுத்த தலைமுறையிடம் ஒப்படைத்தார். ஆயிரத்து நூற்றைம்பது ஆண்டுகள் கழிந்தபின் மங்கியிருப்பது திருமேனி அன்று, பெயரே. அதனைப் புதுக்கும் பணி தமிழ்ச் சமணக் குடும்பங்களுக்கு உரியது.