பிறை தேடும் விழி

பிறை கண்டு நோன்பு நோற்கவும், பிறை கண்டு பெருநாள் கொண்டாடவும் பணிக்கப்பட்ட சமுதாயம் நாம். ஆகவே, கண் எவ்வாறு காண்கிறது என்னும் வினா நமக்கு வெறும் விஞ்ஞான வினாவன்று. நம் வணக்கத்தோடும் தொடர்புடையதாகும்.

காரைக்காலில் கடல் கிழக்கே இருக்கிறது. ஷஃபான் 29ஆம் நாள் மாலையில் பிறை தேடுவோர் கடலுக்கு முதுகு காட்டி, வயல்களும் தென்னைகளும் நிறைந்த மேற்குத் திசையையே நோக்குவர். ஒருவர் “அதோ!” என்பார். அவர் விரல் காட்டும் இடத்தில் அருகிலிருப்பவர் ஒன்றையும் காணார். சிறிது பொழுதில் கண்டவரே, “இப்போது காணோமே!” என்று திகைப்பார். உடனே ஒருவரைப் பொய்யர் எனக் கருதி மனம் கசப்போரும் உண்டு.

இச்சிக்கல் புதியதன்று. முதுமை எய்திய ஹழ்ரத் அனஸ் பின் மாலிக் (ரலி) அவர்கள் பிறையைக் கண்டதாகக் கூறியபோது, உடனிருந்த எவருக்கும் அது தென்படவில்லை. பின்னாளில் பஸராவின் காஜியாக விளங்கிய இயாஸ் பின் முஆவியா, அப்பெரியாரின் கண்முன் வளைந்து தொங்கிய வெண்புருவ மயிர் ஒன்றை மெல்ல ஒதுக்கிவிட்டு, மீண்டும் பார்க்குமாறு வேண்டினார். பிறை மறைந்துவிட்டது. நபித்தோழரின் வாய்மையில் ஐயமில்லை. பிழை காட்சியிலேயே இருந்தது. சரித்திர நூல்கள் போற்றும் நிகழ்ச்சி இது.

அதே பஸராவில் ஏறத்தாழ கி.பி. 965இல் பிறந்தவர் இப்னுல் ஹைதம். கெய்ரோவில் அவர் எழுதிய ‘கிதாபுல் மனாழிர்’ லத்தீனில் பெயர்க்கப்பட்டு, 1572இல் பாஸல் நகரில் அச்சேறியது. பார்வையின் நடுப்பகுதியே தெளிவானது. ஆதலால் கண் விரைந்து அசைந்து, பொருளின் ஒவ்வொரு பகுதியையும் அந்த நடுப்பகுதிக்குள் கொண்டுவந்தாலன்றி உறுதியான அறிவு கிட்டாது என்று அவர் விளக்கினார்.

ஓரிடத்தில் பார்வையை நிறுத்திய பின்னரும் கண் நிற்பதில்லை என்பதை ஐரோப்பியர் பின்னர் ஆராய்ந்தனர். வண்ண வட்டம் ஒன்றை உற்று நோக்குவோருக்கு அதன் விளிம்பில் ஒளிக்கோடு தோன்றுவதைக் கண்ட ராபர்ட் டார்வின், விழியின் அசைவே அதற்குக் காரணம் என 1786இல் எழுதினார். 1799இல் தெனரீப் தீவின் மலைமேல் நின்ற ஹம்போல்ட், விண்மீன்கள் அலைவதாகக் கண்டு வியந்தார். பக்கத்தில் நிற்போருக்கு அதே விண்மீன் வேறு திசையில் நகர்வதாகத் தோன்றும் என்பது பின்னர் தெரியவந்தது. அலைந்தது விண்மீனன்று; காண்போரின் காட்சியே. 1804இல் சுவிட்சர்லாந்து மருத்துவர் டிராக்ஸ்லர், ஒரு புள்ளியை அசையாது நோக்கினால் அதன் அருகிலுள்ள மங்கலான உருவங்கள் மறைந்துவிடுவதை உரைத்தார்.

1952இலும் 1953இலும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் நடந்த சோதனைகளே புதிரை அவிழ்த்தன. விழியோடு ஒட்டிய வில்லையில் சிறு ஆடியைப் பொருத்தி, கண் அசையும்போதெல்லாம் காட்சியும் உடன் அசையுமாறு செய்தனர். விழித்திரையில் பிம்பம் இம்மியும் நகரவில்லை. சில நொடிகளில் காட்சி மங்கி மறைந்தது! தலையில் அணிந்த தொப்பி சிறிது நேரத்தில் உணரப்படாமற் போவதுபோல, மாறாத ஒளிக்கு விழித்திரை நரம்புகள் சோர்ந்துவிடுகின்றன. ஆதலின், உற்று நோக்கும்போதும் கண் நுண்ணிதாய் அதிர்கிறது; மெல்ல விலகுகிறது; நொடிக்கு ஓரிரு முறை சிறிதே தாவுகிறது. இவ்வசைவு நம் விருப்பத்தால் நிகழ்வதன்று. ஆயினும், இதுவே பார்வையை வாழ வைக்கிறது.

மங்கலான வானத்தில் மெல்லிய கீற்றைத் தேடுவோர் இதிலிருந்து பெறும் பாடம் என்ன? வெறித்துப் பார்த்தல் பயன் தராது. பார்வையைச் சற்றே விலக்கி மீண்டும் நோக்க வேண்டும். மினாராவையோ தென்னையின் உச்சியையோ அடையாளமாகக் கொண்டால், தோன்றியது நிலைத்திருக்கிறதா என்பது விளங்கும். பிறரையும் அழைத்துக் காட்ட வேண்டும். தெளிந்த வானத்தில் பலர் கண்ட சாட்சியை ஹனபி சட்ட நூல்கள் வேண்டி நிற்பதன் ஆழமும் இங்கே புலப்படுகிறது.

வாய்மையாளரின் கண்ணும் தவறக்கூடும். இதை உணர்ந்தோர் மாறுபட்ட சாட்சியைக் கேட்டவுடன் சகோதரரைப் பொய்யரென்று தூற்றார். இயாஸ் செய்ததுபோல் கனிவோடு, “இன்னொரு முறை பாருங்கள்” என்பர். அவ்வொரு சொல்லில் அறிவும் இருக்கிறது, அதபும் இருக்கிறது.