ஆட்டுத்தோல் ஐம்பது சதுர அடியா?

ஒடுகத்தூர்ல சித்தப்பாவுக்குத் தோல் வியாபாரம். கணக்குப் பார்க்க எக்செல் ஷீட் ஒண்ணு போட்டுக் குடுத்தேன். அதைப் பாத்துட்டு அவர் கேட்ட கேள்விதான் தலைப்பு. சதுர டெசிமீட்டர்ல வந்த பட்டியலை அப்படியே சதுர அடிக் கட்டத்துல ஒட்டி வச்சிருந்தேன். ஒரு சதுர அடிக்கு 9.29 சதுர டெசிமீட்டர். அந்தத் தோல் உண்மையில 5.38 அடிதான். பில் போயிருந்தா ஒன்பது மடங்குக்கு மேல விலை. மானம் போயிருக்கும்!

ஏன் இந்த ரெட்டை அளவு? 1956-ல மெட்ரிக் அளவைச் சட்டம் வந்துது. 1957 ஏப்ரல் 1-ல நயா பைசா, 1958 அக்டோபர்லேருந்து படிப்படியா கிலோ. வீசையும் பலமும் கடையை விட்டுப் போயிடுச்சு. ஆனா வீட்டு மனையும் தோலும் இன்னும் சதுர அடியிலதான் பேச்சு.

நான் மட்டும் தப்பு பண்ணலைங்க (ஒரு ஆறுதல்தான்). 1999 செப்டம்பர்ல நாசாவோட மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் செவ்வாய்கிட்ட போய்த் தொலைஞ்சுது. ஒரு மென்பொருள் பவுண்டு-விசை நொடியில எண் குடுத்துது, வாங்கினவங்க நியூட்டன்-நொடின்னு எடுத்துக்கிட்டாங்க. 4.45 மடங்கு வித்தியாசம். கணக்கு சரி, எண்ணோட அலகு கூட வரலை.

லினக்ஸ்ல 'யூனிட்ஸ்'னு ஒரு குட்டி நிரல் இருக்கு. என்ன வச்சிருக்கே, என்ன வேணும்னு ரெண்டு கேள்வி கேக்கும். பரப்பளவைக் குடுத்து நீளம் கேட்டா ஒத்துக்காது. என் ஷீட் எதையும் கேக்கலை, சித்தப்பாதான் கேட்டார். இப்போ அலகுக்குன்னு தனிக் கட்டம் வச்சிருக்கேன், காலியா விட்டா சிவப்பாயிடும். அவர் இன்னும் தோலை விரிச்சுப் பாத்துட்டுத்தான் ஷீட்டைத் திறக்கிறார்.